98 போக மீதி 2

காசு கிடையாது, பதவி கிடையாது. இணையத்தில் முகம் தெரியாத ஒருவர் கேட்கும் கேள்விக்கு இன்னொருவர் ஏன் வேலை மெனக்கெட்டுப் பதில் எழுதுகிறார்? இதைப் பற்றி கரீம் லக்கானியும் எரிக் வான் ஹிப்பலும் 2003இல் ‘ரிசர்ச் பாலிசி’ ஆய்விதழில் எழுதிய கட்டுரையைப் போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன்.

அப்பாச்சி என்ற இலவச வெப் சர்வரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் யூஸ்நெட் விவாதக் குழுவில் கேள்வி போடுவார்கள். பதில் சொல்கிறவர்களின் உழைப்பு எங்கே போகிறது என்று இவர்கள் கணக்கெடுத்தார்கள். 98 சதவீதம், அங்குள்ள கேள்வி பதில்களைப் படிப்பதற்கே போகிறது. அந்தப் படிப்பின் பலன் படித்தவருக்கே. பதில் எழுத ஆவது சில நிமிடம்தான், அதுவும் ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விக்கு. ஆக, தியாகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

என்ஜினியருக்குப் பிடித்த மாதிரியான விடை. எனக்கும் பிடித்தது. ஆனா ஒரு இடம் இடிக்குது. கற்றுக்கொள்வதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமே இல்லையே! வாய் திறக்காமல் படித்துவிட்டுப் போகிறவருக்கும் அதே பாடம் முழுசாகக் கிடைக்கிறது. ஒருவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான் 98 விளக்குகிறது. ஏன் எழுதினார் என்பது மீதி 2இல் இருக்கிறது. கைம்மாறு, நல்ல பெயர் போன்ற காரணங்களைக் கட்டுரையும் பேசுகிறது. ஆனால் அதன் கனம் ‘செலவு குறைவு’ பக்கமே சாய்கிறது. செலவு குறைவு என்றால் தடை இல்லை, அவ்வளவுதான். செய்வதற்கு அதுவே காரணம் ஆகிவிடாது.

என் கதையைச் சொல்கிறேன். ஒருமுறை டேட்டாபேஸில் போட்ட தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வந்து நின்றது. டேபிளை யூடிஎஃப்-8 ஆக்கினால் போதாது, கனெக்‌ஷனுக்கும் சொல்ல வேண்டும் என்று யாரோ எப்போதோ எழுதி வைத்த நாலு வரி என்னைக் காப்பாற்றியது. அவருக்கு நன்றி சொல்லக்கூட வழியில்லை. சில வருஷம் கழித்து வேறொருத்தர் அதே கேள்வியோடு வந்தார். உட்கார்ந்து எழுதினேன். வாங்கின இடம் ஒன்று, அடைத்த இடம் வேறு.

இப்போது பலரும் ஏஐயிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம், நானும்தான். விடை வந்துவிடுகிறது, கேள்வி பொதுவில் வருவதில்லை. லக்கானி, ஹிப்பல் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. பதில் எழுதுவது மலிவாக இருந்ததே, எழுதுகிறவர் படிப்பதற்காக ஏற்கெனவே அங்கே இருந்ததால்தான். படிக்க வரத் தேவையில்லை என்றால் அந்தச் சில நிமிடத்துக்காக மட்டும் யார் வருவார்? வாங்கினோம் என்பதே தெரியாதபோது திருப்பிக் கொடுக்கும் எண்ணமும் எங்கிருந்து வரும்?

அதனால் இப்போதெல்லாம் சிக்கல் தீர்ந்ததும், கேள்வியையும் விடையையும் சேர்த்துப் பொதுவில் ஓரிடத்தில் போட்டு வைக்கிறேன். சில நிமிட வேலைதான்.