வணக்கத்தோடு நின்றுபோன கடிதங்கள்

சிறுபத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். இதழ்கள், பழைய கட்டுரைகள், வாசகர் கடிதம் எழுத ஒரு படிவம், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"தம்பி, கடிதம் எழுதுறவங்க நிறையப் பேரு வெறும் வணக்கம் மட்டும் சொல்லிட்டுப் போயிடுறாங்கப்பா. படிச்சாங்களா, பிடிச்சுதா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க."

குரலில் வருத்தம் இருந்தது. நாற்பது வருடங்களாக அஞ்சலட்டைகளைப் படித்துப் பழகியவர். பொறுமை இல்லாத தலைமுறை வந்துவிட்டது என்ற முடிவுக்கே வந்திருந்தார். பட்டியலைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். வரிசையாக 'வணக்கம்', 'வணக்கம்', 'வணக்கம் அய்யா'. நடுவே நாலு பக்கத்துக்கு ஒருவர் எழுதிய கடிதம் ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. ஆகவே நீளம் காரணம் இல்லை.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். ஏதோ தப்பு என்று தெரியும், எங்கே என்று தெரியாது. புதிதாக வருகிறவர்கள் இந்த நேரத்தில் நிரலை மாற்றத் தொடங்கிவிடுவார்கள். ஒரு வரியை இங்கே தட்டி, ஒரு வரியை அங்கே எடுத்துப் பார்ப்பார்கள். கைதேர்ந்தவர்கள் எதையும் தொட மாட்டார்கள். நாடி பிடிக்கிற வைத்தியர் முதலில் மணிக்கட்டில் விரலை வைத்துச் சும்மா இருப்பாரே, அதுபோலச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

டேட்டாபேஸில் சேமித்ததை எழுத்தாகக் காட்டாமல் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. ஒரு 'வணக்கம்' கடிதத்தை எடுத்து அதில் போட்டேன். அது பதினாறின் அடிமானத்தில் காட்டும். வாசிக்க வசதியாக இங்கே பத்தின் அடிமானத்தில் சொல்கிறேன். யூனிகோடில் எழுதிய தமிழை இணையம் யூடிஎஃப்-8 என்ற முறையில்தான் கொண்டுபோகிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'வணக்கம்' ஐந்தெழுத்து என்று நாம் எண்ணுவோம். புள்ளி இரண்டையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது ஏழு குறி, 21 பைட். எண்ணிப் பார்த்தேன். 21 சரியாக இருந்தது. கடைசி ஆறு, 224, 174, 174, 224, 175, 141. அதாவது ம, பிறகு புள்ளி. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 22-ஆவதாக ஒரு 32 இருந்தது.

32 என்றால் வெற்று இடைவெளி. யாரும் கவனிக்காத ஒன்று, திரையில் தெரியவே தெரியாது. ஆனால் படிவத்தில் எழுதியது வந்தவுடன் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை வெட்டிவிடும்படி நிரலை எழுதியவன் நான்தான். கடிதம் 'வணக்கம்' என்பதோடு முடிந்திருந்தால் அந்த இடைவெளி வெட்டுப்பட்டிருக்கும். அது மிஞ்சியிருக்கிறது என்றால், என் நிரல் பார்த்தபோது அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருந்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்று நிரலைத் தாண்டி, டேட்டாபேஸுக்குள் நுழையும் இடத்தில் காணாமல் போயிருக்கிறது. பிரவுசர், நெட்வொர்க், சர்வர் என்று தேட வேண்டிய முக்கால் பங்கு இடத்தை ஒரே ஒரு 32 விலக்கிவிட்டது.

அடுத்து நான் செய்தது போன் போட்டதுதான். கடிதம் எழுதியிருந்த ஒரு வாசகியிடம், நினைவில் இருப்பதை எழுதியபடியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வந்தது. 'வணக்கம்', ஓர் இடைவெளி, கைகூப்பும் எமோஜி, அதன் பிறகு இருபது வரி.

"அந்தக் கும்பிடு போட்டதுதாங்க பிரச்சினை" என்றேன்.

"என்ன சார், கும்பிடு போட்டா தப்பா?" என்றார்.

தப்பு அவருடையது அல்ல. கைகூப்பும் எமோஜிக்கு நான்கு பைட் வேண்டும், 240, 159, 153, 143. நான் அட்டவணையை உருவாக்கும்போது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 'யூடிஎஃப்8' என்று பெயர் இருந்ததை அப்படியே நம்பி எழுதிவிட்டேன். அந்தப் பெயர் கொண்ட அமைப்பு ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். முழு யூடிஎஃப்-8 வேண்டுமென்றால் 2010-இல் 5.5.3 பதிப்பில் சேர்த்த 'யூடிஎஃப்8எம்பி4' என்ற வேறொன்றைக் கேட்டு வாங்க வேண்டும். தமிழ் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் எங்களுக்கு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. போனில் எழுதுகிறவர்கள் பெருகினார்கள், எமோஜி வந்தது, மரியாதை தெரிந்தவர்களின் கடிதமெல்லாம் வணக்கத்தோடு நின்றது. அன்று அந்த டேட்டாபேஸ் கண்டிப்பு இல்லாத முறையில் ஓடிக்கொண்டிருந்தது. கொள்ள முடியாத எழுத்து வந்ததும் அதிலிருந்து மீதி முழுவதையும் வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் ஓரமாக எழுதி வைத்துவிட்டு, 'சேமித்தாயிற்று' என்று சொல்லியிருக்கிறது. அந்த எச்சரிக்கையை என் நிரல் கேட்டு வாங்கவே இல்லை. பிற்காலத்தில் 5.7 பதிப்பு முதல் கண்டிப்பான முறையே இயல்பாயிற்று. 2018-இல் வந்த 8.0 பதிப்பில் நான்கு பைட் அமைப்பும் இயல்பாயிற்று.

தமிழுக்கு மூன்று பைட் போதும் என்று சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. 2019-இல் வெளியான யூனிகோட் 12.0, முந்திரி, காணி, மா முதலான பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் பழைய கணக்குக் குறியீடுகளுக்கும் தனி இடம் கொடுத்தது. அந்த இடம் நான்கு பைட் எல்லையில் இருக்கிறது. அந்தப் பழைய அட்டவணையில் ஒரு கோயில் கணக்கை உள்ளபடி தட்டச்சு செய்திருந்தால் முதல் காணியிலேயே கணக்கு அறுந்திருக்கும்.

யூடிஎஃப்-8-ஐப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் என்னால் போக முடியாது. 1992 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டின் கீழ் விரிக்கும் தாளில் கென் தாம்சன் இதை வரைந்தார். உடன் இருந்தவர் ராப் பைக். ஒவ்வொரு பைட்டும் தான் யார் என்பதைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வருகிறது. 224 முதல் 239 வரை என்றால், 'நான் மூன்று பைட் எழுத்தின் தொடக்கம்'. 240 முதல் 244 வரை என்றால், 'நான் நான்கின் தொடக்கம்'. 128 முதல் 191 வரை என்றால், 'நான் நடுவில் வருபவன், தலைவன் எனக்கு முன்னால் இருக்கிறான்'. ஒரு நீண்ட உரையின் நட்டநடுவில் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாலும், இரண்டு மூன்று அடி பின்னால் நகர்ந்தால் எழுத்தின் தொடக்கம் அகப்பட்டுவிடும். தமிழ் உரையைப் பைட்டாகப் பார்த்தால் 224, 174, என்னவோ ஒன்று. 224, 174, என்னவோ ஒன்று. இடையிடையே 224, 175 என்று ஒரு தாளம் கேட்கும். மெய், உயிர்மெய்க் குறி, புள்ளி என்று நம் எழுத்து அமைந்திருக்கும் விதம் அந்த எண்களில் தெரிகிறது. பழகிவிட்டால் எண்களைப் பார்த்தே 'இது தமிழ்' என்று சொல்லிவிடலாம்.

பலர் இதை அறியாமலே பார்த்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால், தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று பக்கம் முழுக்க நிறைந்திருக்குமே, அந்த ஏ-தான் 224, அந்த ஆர்-தான் 174. ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறையில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று வாசிப்பதால் வருகிற கோலம் அது. அதைப் பார்த்தால் 'எல்லாம் போச்சு' என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் உரை பத்திரமாக இருக்கிறது, வாசிக்கிறவர்தான் தப்பாக வாசிக்கிறார். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் என் வயிறு கலங்கும். அங்கே அனேகமாக உரை போய்விட்டது.

கருவி எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த அனுபவத்திலிருந்து வந்தது. வேகம், புதுமை, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் பிறகு. அது கோணலாகும்போது மூடியைத் திறந்து உள்ளே பார்க்க முடியுமா என்பதை முதலில் பார்க்கிறேன். எச்சரிக்கையைச் சத்தமாகச் சொல்கிறதா, விழுங்கிவிடுகிறதா என்பதையும் அதோடு சேர்த்தே பார்க்கிறேன். 2016 மார்ச்சில் ஒருவர் தன்னுடைய பதினோரு வரி நிரல் ஒன்றைப் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதை நேராகக் கேட்டே அறியாத ஆயிரக்கணக்கான திட்டங்கள், யார் மூலமோ யார் மூலமோ அதை நம்பியிருந்ததால் அன்று கட்டமைக்க முடியாமல் நின்றன. ஆகவே பிறர் எழுதிய ஒரு நிரல் நூலகத்தைச் சேர்க்கும் முன் அதன் பின்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவேன். இந்தப் பழக்கத்தால் சில நாள் வேலை கூடுகிறது. அதற்கு நான் கவலைப்படுவதில்லை.

கர்ல் என்ற கருவி எனக்கு உயிர். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் வளர்த்து வருகிறார். நாணய மாற்று விகிதத்தை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற சின்னத் தேவையில் தொடங்கியது. பிரவுசரை நடுவில் விடாமல் சர்வரோடு நேருக்கு நேர் பேச வைக்கிறது. போனதையும் வந்ததையும் வரி வரியாகக் காட்டுகிறது. பிழை பிரவுசரில் இருக்கிறதா, சர்வரில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரே கட்டளையில் பதில் வந்துவிடும்.

கருவிக்கும் கண்ணுக்கும் உள்ள உறவைச் சொல்லும் கதைகளில் நான் அடிக்கடி நினைப்பது, டிரே ஹாரிஸ் 2002-இல் எழுதியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மின்னஞ்சலைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். புள்ளியியல் துறைத் தலைவர் கூப்பிட்டு, 500 மைலுக்கு மேல் மின்னஞ்சல் போவதில்லை என்றார். யாருக்கும் சிரிப்பு வரும் புகார். ஹாரிஸ் அதைத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்த்தார். உண்மையிலேயே பக்கத்து ஊர்களுக்குப் போனது, தூரத்து ஊர்களுக்குப் போகவில்லை. சர்வரைப் புதுப்பித்தவர் அறியாமலே மின்னஞ்சல் மென்பொருளை ஒரு பழைய பதிப்புக்கு இறக்கிவிட்டிருந்தார். புதிய அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை. எதிர்முனை பதில் தரும்வரை காத்திருக்க வேண்டிய நேரம் பூஜ்யம் ஆகிவிட்டது. நடைமுறையில் அது மூன்று மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம். அளவுகளை மாற்றித் தரும் 'யூனிட்ஸ்' என்ற எளிய பழைய நிரலிடம், மூன்று மில்லிசெகண்டில் ஒளி எத்தனை மைல் போகும் என்று கேட்டார். 558 மைல் என்றது. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கணக்கைவிட, நம்ப முடியாத புகாரை அவர் மதித்த விதம். தூரங்களைப் படமாகப் போட்டுப் பார்த்துவிட்டே கூப்பிட்ட புள்ளியியல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

என் அட்டவணைக்குத் திரும்புகிறேன். நகல் எடுத்து வைத்துவிட்டு நான்கு பைட் அமைப்புக்கு மாற்றச் சொன்னால் மறுத்தது. மின்னஞ்சல் முகவரிப் பத்தியை 255 எழுத்து நீளம் என்று வைத்து, அதன் மேல் தேடல் அட்டவணையும் போட்டிருந்தேன். அன்றைய பதிப்பில் அந்தத் தேடல் அட்டவணைக்கு 767 பைட் எல்லை. 255-ஐ மூன்றால் பெருக்கினால் 765, உள்ளே அடங்கும். நான்கால் பெருக்கினால் 1,020. அதனால்தான் உலகெங்கும் பழைய நிரல்களில் 191 என்ற விசித்திரமான நீளத்தைப் பார்க்கிறோம். 191-ஐ நான்கால் பெருக்கினால் 764. யாரோ எங்கோ இதே சுவரில் முட்டி, எண்ணி, எழுதி வைத்துவிட்டுப் போன அடையாளம் அது. நானும் 191 என்று எழுதினேன். நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையிலான இணைப்பின் அமைப்பையும் மாற்றினேன். அதை மறந்தால் அட்டவணை மாறியும் பயனில்லை. கண்டிப்பு முறையை இயக்கினேன்.

பிறகு வெட்டுப்பட்ட கடிதங்கள். டேட்டாபேஸில் இல்லாததை டேட்டாபேஸிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் படிவம் ஒவ்வொரு கடிதத்தையும் ஆசிரியருக்கு மின்னஞ்சலிலும் ஒரு நகல் அனுப்பும்படி செய்திருந்தேன். அந்தப் பெட்டியை அவர் திறப்பதே இல்லை. கடவுச்சொல்லைத் தேடி எடுத்துத் திறந்தோம். கைகூப்பலும் அதற்குப் பின்னால் இருந்ததும் எல்லாம் முழுசாக இருந்தன. போனிலேயே அவர் முதல் கடிதத்தை வாசிக்கத் தொடங்கினார். பாதியில் குரல் நின்றது. பழைய இதழ் ஒன்று தொடங்கிய வருடத்தைக் கட்டுரையில் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், முதல் இதழ் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் படி எடுத்து அனுப்புகிறேன் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

"போன இதழ்லயும் அதே வருஷத்தைத்தான் திரும்பப் போட்டுட்டேன் தம்பி" என்றார். "இவரு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்காரு."