வராத கடிதத்தை எதிர்த்து வழக்கா?

மரக்காணம் உப்பளங்களை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் வரும். இன்னும் தெற்கே ஆரோவில். முகாமில் பலர் விசா இல்லாமலே பல பத்தாண்டுகளைக் கழித்துவிட்டார்கள். 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்தவர்களுக்குத் ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு என 2025 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. தண்டனை இல்லை, அவ்வளவுதான்; தங்கும் உரிமை கிடைக்கவில்லை. ஆரோவில்லின் வெளிநாட்டாரோ விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே முதுமையைத் தொட்டவர்கள்.

இந்த வெளிநாட்டாரின் விசாவுக்கு ஆரோவில் அறக்கட்டளையின் பரிந்துரை வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு அமைத்த அறக்கட்டளை அது. 2021 டிசம்பரில் ஆரோவில்லுக்குள் அமையும் கிரவுன் சாலைக்காக புல்டோசர்கள் இறங்கிய பிறகு, நிர்வாகத்துக்கும் குடியிருப்போரில் ஒரு பகுதியினருக்கும் மோதல் முற்றியது. எதிர்த்துப் பேசினால் பரிந்துரை இழுத்தடிக்கப்படுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை விட்டுவிடுவோம். ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது: சண்டையில் ஒரு தரப்பாக இருக்கும் அமைப்பின் கையிலேயே மறுதரப்பின் விசாவும் இருக்கிறது. ரத்து ஆணை என்றால் நீதிமன்றத்தில் காட்டலாம். வராத கடிதத்தை எப்படிக் காட்டுவது?

வெளிநாட்டாரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சுற்றுலா விசாவில் வந்து தொழில் நடத்துபவரையும், பொய்த் தகவல் தந்தவரையும், காலக்கெடு முடிந்தும் தங்குபவரையும் எந்த நாடும் பொறுக்காது. அந்த அதிகாரம் வரம்பற்றது என்று ஹான்ஸ் முல்லர் வழக்கில் 1955-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1937 முதல் இங்கு வாழ்ந்த பெல்ஜிய மிஷனரி லூயி டி ரேட்டுக்கும் 1991-இல் அதே பதில்தான்: வெளிநாட்டவருக்கு உயிர், சுதந்திரம் பற்றிய 21-ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு, இந்தியாவில் குடியிருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் அதிகாரம் வரம்பற்றது என்பதால் அதைக் காரணம் சொல்லாமல் பயன்படுத்தலாமா? 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களில் இரண்டு வெளிநாட்டு மாணவர்கள் கலந்துகொண்டார்கள். சென்னை ஐஐடியில் படித்த ஜெர்மானியரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள்; எழுத்தில் எதுவும் தரவில்லை என்று அவர் பேட்டிகளில் கூறினார். உடனே விமானம் ஏறிவிட்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் போலந்து மாணவருக்கு நோட்டீஸ் கைக்கு வந்தது. அதைக் கொண்டு கல்கத்தா உயர் நீதிமன்றம் போனார். 2020 மார்ச்சில் நோட்டீஸ் ரத்தானது. இருவருக்கும் இடையே இருந்த பெரிய வேறுபாடு ஒரு தாள்.

ஸ்வீடனில் பேராசிரியராக இருக்கும் அசோக் ஸ்வைன் வழக்கு இன்னும் தெளிவு. இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டையை அவருக்கு ரத்து செய்த ஆணையில் காரணமே இல்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் அதைத் தள்ளியது. அரசு மறுபடி போட்ட ஆணையையும் 2025 மார்ச்சில் தள்ளியது. ஓ.சி.ஐ. அட்டையை ரத்து செய்யுமுன் அட்டைதாரரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று குடியுரிமைச் சட்டமே சொல்கிறது. சாதாரண விசாக்காரருக்கு அப்படி எழுதிவைத்த பாதுகாப்பு இல்லை.

ஆகவே விசா சிக்கலில் மாட்டியவர் முதலில் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தை இங்கே நம்பியிருக்க முடியாது, அதன் வாசகம் குடிமக்களுக்கே அந்த உரிமையைத் தருகிறது. கெடு முடியுமுன் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு, இடைக்காலத் தடை கோரலாம். சட்டத்தின்முன் சமத்துவம் தரும் 14-ஆம் பிரிவு வெளிநாட்டவருக்கும் உண்டு. பதிலே வராதவர், விண்ணப்பத்தின்மேல் முடிவெடுக்க உத்தரவிடுங்கள் என்று மட்டுமே கேட்கலாம். அதில் வென்றாலும் மறுப்பாணை வரலாம், மறுபடி வழக்கு. வக்கீல் செலவைத் தாங்குபவருக்கே இது வழி.

1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் வந்த குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டம் இதைச் சரிசெய்திருக்கலாம். பரிந்துரைக்குக் காலக்கெடு, மறுத்தால் காரணம், மேல்முறையீட்டுக்குத் தனி அதிகாரி என்ற மூன்றும் அரசின் அதிகாரத்தில் ஒன்றையும் குறைத்திருக்காது. மாறாக, தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக ஒருவரை அனுமதிக்க முடியாது என்று குடியேற்ற அதிகாரி எடுக்கும் முடிவே இறுதியானது என்று அச்சட்டம் எழுதிவைத்திருக்கிறது.