கருணையனின் கண்ணீர்

தேம்பாவணியைக் கையிலெடுப்போர் நம்மில் அருகிவிட்டனர். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் என்று மதிப்போடு சொல்லி, அதே மதிப்போடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். நல்லவேளையாக, 2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் அதன் சில பாடல்களை எல்லாச் சமயத்துப் பிள்ளைகளிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கானகத்தில் எலிசபெத் அம்மையார் இறந்துபட, மகன் கருணையன் புலம்பும் பகுதி அது. தேர்வுக்கென மனப்பாடமாகும் அப்பாடல்களைத் துயருற்றோருக்குரிய பாடல்களாக வாசித்துப் பார்க்க விழைகிறோம்.

கருணையன் வேறு யாருமல்லர், திருமுழுக்கு யோவானே. 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்னும் பொருளுடைய எபிரேயப் பெயரை வீரமாமுனிவர் இவ்வாறு தமிழாக்கினார். சூசையப்பரை வளன் ஆக்கியவர் அல்லவா! எலிசபெத்தின் மரணத்தை விவிலியம் எங்கும் கூறவில்லை. யோவான் பாலைநிலத்தில் வாழ்ந்தார் என்ற அளவோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார். அந்த மௌனத்திற்குள்தான் முனிவர் ஒரு தாயின் கல்லறையை அமைக்கிறார்.

இதில் ஒரு துணிவு இருக்கிறது. தாயின் வயிற்றிலேயே தூய ஆவியால் நிரப்பப்பட்டவர் யோவான். அவரைக் கதறி அழவைக்கலாமா? இயேசு சபைத் துறவியான முனிவருக்கு அக்கேள்வி தோன்றாமலா இருந்திருக்கும்? விண்ணகப் பேற்றை எடுத்துரைத்து மகனைத் தேற்றும் வாய்ப்பு அவர் முன் இருந்தது. நாம் பேசும் இப்பாடல்களில் அவர் அதைத் தேடவில்லை, அழவிடுகிறார். தாயின் மெய்யுரையே மழைநீராக, அவள் மார்பில் மணியெனக் குளிர்ந்து வாழ்ந்தவன், இப்போது துளியின்றி மணி பிடிக்குமுன் காய்ந்துபோகும் இளம்பயிராகிறான். கொம்பிலிருந்து கொய்த மலராய் வாடுகிறான். நச்சம்பு தைத்த புண்ணாய் நோகிறான். துணை பிரிந்த பறவையாய்த் தேம்புகிறான்.

உவமைகள் அழகியவை. எனினும், நம் நெஞ்சைத் தொடுவது உவமையே இல்லாத அடுத்த பாடல்தான். உயிர் பிழைக்கும் முறை அறியேன், உடல் உறுப்புகள் செய்யத்தக்கன அறியேன், இக்காட்டில் செல்லும் வழி அறியேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். எல்லாம் தாயின் கையால் அறிந்தவன். அக்கை இப்போது இல்லை. இறப்பு வீடுகளில் நாம் கேட்கும் புலம்பலும் இதுதானே? தத்துவமன்று, 'இனி யார் எனக்குச் சோறு போடுவார், யாரிடம் போய் நிற்பேன்' என்னும் கையறுநிலை. அந்நேரத்தில் 'எல்லாம் கடவுள் சித்தம், அழாதே' என்போரின் வாயை இப்பாடல் மெல்ல மூடுகிறது. (அவர்களுள் நம்மைப் போன்ற குருக்களும் உண்டு என்பது இறைமக்கள் அறியாததன்று.)

இங்கே புனித அகுஸ்தினாரை நினையாதிருக்க இயலவில்லை. கி.பி. 387-இல் ஓஸ்தியாவில் புனித மோனிக்கா தம் 56-ஆம் அகவையில் கண்மூடினார். மகன் தாயின் விழிகளைத் தம் கையால் மூடினார். தம் கண்ணீரையோ தடுத்துக்கொண்டார். கிறிஸ்துவில் இறந்தவளுக்கு ஓலமிடுவது தகாது என்று எண்ணினார். வாய்விட்டழுத பேரப்பிள்ளையும் அடக்கப்பட்டான். நல்லடக்கம் முடிந்தபின் நீராடிப் பார்த்தார், துயரம் கழுவப்படவில்லை. பின்னர்த் தனிமையில், படுக்கையில், இறைவன் ஒருவரே காண அழுதார். அவ்வழுகைக்காகப் படிப்போரிடம் பொறுத்தருளவும் வேண்டுகிறார். அகுஸ்தினாரின் கண்ணீருக்கு அனுமதி தேவைப்பட்டது. கருணையனின் கண்ணீருக்கு முனிவர் எந்த அனுமதியும் கேட்கவில்லை. அகுஸ்தினார் மாபெரும் மறைவல்லுநர். ஆனாலும், இவ்விடத்தில் நாம் முனிவர் பக்கமே சாய்கிறோம். இலாசரின் கல்லறையருகே ஆண்டவரே அழுதார். சற்று நேரத்தில் அவனை உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும் அழுதார். தெசலோனிக்கருக்கு எழுதிய பவுலடியாரும் துயரத்தையே தடைசெய்யவில்லை. எதிர்நோக்கற்றோரைப் போலத் துயருறுவதையே விலக்கினார்.

அப்படியானால் கருணையனின் எதிர்நோக்கு எங்கே? அது புலம்பலில் இல்லை, அதற்கு முந்திய செயலில் இருக்கிறது. அவன் கைகுவித்து நிலத்தை நோக்கி, அன்போடு காத்துக்கொள் என்று வேண்டுகிறான். குழியில் மலர்ப்படுக்கை விரிக்கிறான். அறங்களையெல்லாம் தன்னுள் கொண்டிருந்த அவ்வுடலை அதில் அடக்கி, மேலே மலரையும் கண்ணீரையும் சேர்த்தே பொழிகிறான். காத்துக்கொள் என்று நாம் எதைக் கொடுப்போம்? திரும்பப் பெறவிருப்பதைத்தானே! மண்ணுக்கு அவன் தாயைக் கொடுத்துவிடவில்லை, அடைக்கலமாக ஒப்படைத்திருக்கிறான். உடலின் உயிர்ப்பு என்னும் விசுவாசப் பிரமாணத்தின் சொற்கள் ஒன்றுகூட அப்பாடலில் இல்லை; அதன் பொருள் முழுவதும் இருக்கிறது. வாய் 'அறியேன்' என்று புலம்புமுன்னரே கை அறிந்ததைச் செய்து முடித்துவிட்டது.

அந்த மலர்ப்படுக்கை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணியிலும் நாகைக் கரையெங்கும் கடல் கொண்டுபோனவர்களுள் பலர் பெயரறியப்படாமலே பொதுக்குழிகளில் அடக்கப்பட்டனர். குவித்த கையும் இல்லை, மலரும் இல்லை. உடலே கிடைக்காத குடும்பங்களும் உண்டு. அவர்கள் முன்னே இப்பாடலை வாசிக்கத் தயங்குவோம். எனினும், மண்ணிடமும் கடலிடமும் காத்துக்கொள் என்று இன்றும் நாம் சொல்லலாம். அடைக்கலப் பொருளைக் கேட்க வருபவர் ஆண்டவர் அல்லவா?

பாடநூற் பகுதியின் இறுதிப் பாடலைப் பற்றியும் ஒரு சொல். மகனின் புலம்பலுக்கு இசைவாக மரங்களும் சுனைகளும் ஒலித்தழுதன போன்றிருந்தன என்கிறார் முனிவர். ஓசைநயம் மிக்க பாடல்; ஆசிரியர்கள் விரும்பிக் கற்பிப்பர். ஆனால், தனித்தேன் என்றழுபவனைச் சுற்றிக் காடே திரண்டுவிட்டால் அத்தனிமை சற்று நீர்த்துவிடுகிறதே! காப்பிய மரபுக்கு முனிவர் செலுத்திய காணிக்கை என்று கொள்வோம்.

காட்டில் செல்லும் வழி அறியேன் என்றழுத இவன்தான், பின்னாளில் யோர்தான் கரையில் நின்று, ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் செய்யுமாறு இஸ்ரயேலை அழைக்கப் போகிறான். விவிலியம் அறிந்தோர்க்கு அந்த 'அறியேன்' ஆழமாக ஒலிக்கும். வீட்டில் இறப்பு நேர்ந்தால், செபமாலைக்குப் பின் யாரேனும் ஒருவர் இப்பாடல்களை மெல்ல வாசிக்கட்டும். விளக்கம் வேண்டாம். இறுதிப் பாடலை விட்டுவிட்டாலும் குறைவில்லை.