படைக்கும் மனமும் மேற்பார்க்கும் புத்தியும்

ஆவுடையார்கோவில் ஆத்மநாத சுவாமி ஆலயத்துக் கொடுங்கையை அண்ணாந்து நோக்குவோர், மரவேலையில் காணும் சட்டங்களும் ஆணிக் குமிழ்களும் கருங்கல்லிலேயே இழைக்கப்பட்டிருப்பது கண்டு பிரமிப்பர். பிற்காலத்து ஸ்தபதிகள் திருப்பணிக்கு உடன்படிக்கை எழுதுகையில் இக்கொடுங்கை போன்ற வேலையை நீக்கியே எழுதிக்கொடுத்தனர் என்று செவிவழிச் செய்தியும் வழங்குகிறது. மிகையாகப் பெயர்த்த சில்லை மீண்டும் பொருத்தவியலாத கல்லில் இந்நுட்பம் கைகூட வேண்டுமாயின், சிற்பியிடம் கற்பனா சக்தி மட்டுமன்றி, அதனை உடனிருந்து கவனித்து, இவ்விடத்தில் தொடர்க, இவ்விடத்தில் நிறுத்துக என விதிக்கும் புத்தியும் இருந்திருத்தல் வேண்டும். அப்புத்தியின் இயல்பை விசாரிக்கும் துறை உளநூலில் அண்மைக்காலத்தே வளர்ந்து வருகிறது.

1926-இல் கிரஹாம் வாலஸ், படைப்புச் சிந்தனையை ஆயத்தம், உள்ளுறைவு, உதயம், பரிசோதனை என நான்காக வகுத்துப் பரிசோதனையை இறுதியில் வைத்தார். 1979-இல் ஜான் ஃபிளேவல், மனிதன் தன் சிந்தனையைத் தானே அறிதலைத் தனி ஆய்வுப் பொருளாக்கினார். 1990-இல் நெல்சனும் நாரென்ஸும் அதனைக் கண்காணித்தல், நெறிப்படுத்தல் என இரு தொழில்களாகப் பகுத்தனர். 2013-இல் காஃப்மனும் பெகெட்டோவும், தன் ஆற்றலின் எல்லையை உணர்வதோடு, புதுமை எவ்விடத்தில் தகும், எவ்விடத்தில் தகாது என உணர்வதையும் இவ்வறிவில் அடக்கினர்.

இக்கண்காணிப்பு எந்நேரமும் நம்பத்தக்கதன்று. 1987-இல் மெட்காஃப், வீப் ஆகியோர், புதிர்களை விடுவிப்போரிடம் விடையை எவ்வளவு நெருங்கிவிட்டதாகத் தோன்றுகிறது என இடையிடையே வினவினர். இயற்கணிதத்தில் அவ்வுணர்வு படிப்படியாக ஏறிற்று. திடீரெனப் பொறிதட்டி விளங்கும் புதிர்களிலோ, விடை கிட்டும் தறுவாய் வரையில் அதற்கு அறிகுறியே இல்லை. 2020-இல் லூக்காஸும் நோர்ட்கிரனும் வெளியிட்ட ஆய்வின்படி, நேரம் செல்லச் செல்லத் தம் கற்பனை வற்றிவிடும் எனப் பலரும் எண்ணுகின்றனர்; உண்மையில் அது குன்றாமல் நிற்கிறது, சில வேளை உயரவும் செய்கிறது. ஆக்கத்தொழிலில் பழகியோரிடம் இம்மயக்கம் குறைவு.

அப்பழக்கத்தின் உச்சத்தைத் திருப்பெருந்துறை எனப் பழம்பெயர் பெற்ற ஆவுடையார்கோவிலின் புராணத்தைப் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் காணலாம். அவர் வாயாற் செய்யுளைச் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதிச் செல்வர் என்பதை உ. வே. சாமிநாதையர் விரிவாகப் பதிந்திருக்கிறார். எழுத்தாணி கீறியதை எளிதில் அழிக்கவியலாது. ஆதலின் சொல்லைத் தேரும் பரீட்சை நாவுக்கு வருமுன்பே உள்ளத்தில் நிகழ்ந்தாக வேண்டும். அதன்பின் அவையோர் முன்னிலையில் நிகழும் அரங்கேற்றம், தன் தீர்ப்பைப் பிறர் தீர்ப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாயிற்று.

எனவே, மேற்பார்க்கும் புத்தி எப்போது பேச வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, கையாளும் பொருள் பிழையை மன்னிக்குமா என்பதே. சில நிமிஷங்களில் முடியும் பரிசோதனைக்கூடப் பயிற்சிகள் இதனைப் போதிய அளவு காட்டா. 1957-இல் நிறுவப்பெற்ற மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி போன்ற இடங்களில் உளி பிடிப்போரின் அருகமர்ந்து, அவர்கள் ஓங்கிய கையை எப்போது, எதனால் நிறுத்துகின்றனர் என உளநூலார் ஆராய்வாராயின், இத்துறை தனக்கு உரிய ஆழத்தைப் பெறும்.