புல்தரையில் ஒரு பெட்டி

மாதிரி விமானம் எழும்பியதும் எல்லாக் கண்ணும் வானத்துக்குப் போய்விடும். புல்தரையில் கிடக்கும் ஒட்டுப்பலகைப் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. எஞ்சினுக்கு உயிர் வந்தது அதிலிருந்துதான். அதற்குள் எதற்கு எங்கே இடம் என்பதில்தான் செய்தவரின் புத்தி தெரிகிறது. கனமான 12 வோல்ட் பேட்டரி கைப்பிடிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் தூக்கும்போது பெட்டி சாயாது. எரிபொருளிலுள்ள மெத்தனால் பற்றினால், அந்தத் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆகவே எரிபொருள் கேன் மறுகோடியில், பேட்டரி முனைகளை விட்டு விலகி நிற்கும்.

கடையில் கிடைக்கிறதே, தானே செய்ய எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கடைப்பெட்டியும் வேலை செய்யும். ஆனால் அது பொதுவான ஒரு கைக்கு அளவெடுத்தது. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரின் ரப்பர் கிண்ணத்தை விமானத்தின் மூக்குக் கூம்பில் அழுத்த, அதன் மோட்டார் உறும, எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொள்ளும் நொடியில், சுழலும் விசிறியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. தேடாமலே கை போய்ச் சேரும் இடம் அவரவருக்கு வேறு. பொறுமைக்கும் பலன் உண்டு: பலகையின் வெட்டுமுனை எண்ணெயைக் குடித்து ஊறிவிடும் என்பதால் எபாக்ஸி பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசுகிறார்கள். விரல் வழுக்கும் அந்தப் பரப்பில் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் சிந்தினாலும் ஒரு துணி போதும்.