கற்கும் பாணியும் வரைபடக் கல்வியும்

பல்கலைக்கழக எந்திரவியற் பீடங்களில் வரைபடம் கற்பிப்போர் மாணாக்கரைக் கண்ணாற் கற்போர், சொல்லாற் கற்போர் எனப் பகுத்து நோக்கும் வழக்கம் பரவியுள்ளது. 1988இல் ஃபெல்டர், சில்வர்மன் இருவரும் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பெரிதும் துணைநின்றது. விரிவுரை ஒன்றையே நம்பியிருந்த ஆசிரியரை அது விழிப்பித்தது, அவ்வளவிற் பாராட்டுக்குரியதே.

ஆயின், வரைபட வகுப்பிலே இப்பகுப்பு எதற்கு உதவும்? முன்தோற்றமும் மேற்றோற்றமும் தாளிற் கிடக்க, அவற்றினின்றும் திண்மத்தை மனத்திலே எழுப்புதலன்றோ அங்கு வேண்டப்படுவது? 1795இல் பாரிசில் மொங்கே விரிவுரைத்த விவரணக் கேத்திரகணிதம் கேட்டதும் அதுவே. ஓவியக் கைத்திறன் வேறு, இது வேறு. சொல்லாற் கற்பவன் எனப் பெயரிடப்பட்டவனுக்கு வெட்டுமுகத்தைச் சொல்லால் மட்டும் விளக்கி முடிப்பது எங்ஙனம்? அவனோ, 'எனக்கு இது வராது' என ஒதுங்கிவிடவுங் கூடும்.

பாணிக்கேற்பக் கற்பித்தலாற் பயன் மிகும் என்பதற்குத் தக்க சான்றில்லையென 2008இல் உளவியலறிஞர் பாஷ்லரும் உடனாய்ந்த மூவரும் முடிவு கூறினர். அதற்கு முன்னரே, 1993இல், அமெரிக்காவின் மிச்சிகன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி முதலியோர் வேறு வழி கண்டனர். திண்மங்களை மனத்தாற் சுழற்றிக் காணும் தேர்விற் பின்தங்கிய முதலாண்டு மாணவருக்குத் தனிப்பாடம் வகுத்தனர். இணைக்கத்தக்க கட்டைகளைக் கையாற் புரட்டிப் பார்த்தும், பார்த்தவற்றை வரைந்தும் பயின்றோரின் ஆற்றல் தெளிவாக உயர்ந்தது. பின்தங்கியோருட் பெண்கள் விகிதம் மிகுந்திருந்தமையும், பாடம் பயின்ற பெண்களுட் பலர் எந்திரவியற் கல்வியைக் கைவிடாது தொடர்ந்தமையும் கருதத்தக்கன. பிற்காலத்திற் கணினி மென்பொருளும் சேர்க்கப்பட்டது. பென்சிலால் வரையும் பயிற்சி மட்டும் விடப்படவில்லை.