துப்பறிவாளர் நுழையாத பிரசவ அறை

குடும்பத்துக்குள் நடக்கும் உளவியல் த்ரில்லர் தமிழுக்கு நேற்று வந்த சரக்கு என்று ஒரு பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. 2015இல் பவுலா ஹாகின்ஸ் வழி காட்டினார்; 2016இல் கோன்கூர் விருது பெற்ற லைலா ஸ்லிமானியின் நாவல், ஆயாவை நம்பிய தாயின் கதையை உலகத்துக்குக் கொண்டுபோனது; பிறகு ஓடிடி தொடர்கள் வந்தன; அதற்கப்புறம்தான் நம்மவர்கள் விழித்துக்கொண்டார்கள் என்கிறார்கள். மறுக்க வேண்டிய பேச்சு இது. பிள்ளை பெற்றவளின் பயத்தையும், அவள் நம்பியவர்களே அவளைக் கைவிடுவதையும் தமிழ் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டது. அவற்றை யாரும் த்ரில்லராகப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்த் துப்பறியும் எழுத்தின் முன்கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஜே.ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள், ஆரணி குப்புசாமி முதலியாரின் தழுவல்கள், வடுவூர் துரைசாமி ஐயங்கார். வடுவூராரின் திகம்பர சாமியாரை 1950இல் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கியது; நம்பியார் வேடம் வேடமாக மாறி வந்தார். அடுத்து தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த். 80களில் மாத நாவல்கள் பெருகின. சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனில் ராஜேஷ்குமாரையோ பட்டுக்கோட்டை பிரபாகரையோ சுபாவையோ கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. வேகமும் விறுவிறுப்பும் கொண்ட எழுத்து அது. தமிழ் படிக்கும் பழக்கத்தை லட்சக்கணக்கானவர்களுக்கு ஊட்டியது. அதை இளக்காரமாகப் பேசும் சிற்றிதழ்க்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் கதைகளின் பெரும்பகுதியில் ஆபத்து வெளியிலிருந்து வரும். அதைத் தீர்ப்பவரும் வெளியிலிருந்தே வருவார். பெண் ஒன்று பிணமாகக் கிடப்பாள், இல்லையென்றால் புகார் கொடுக்க வருவாள். பச்சை உடம்போடு பாயில் கிடப்பவளுக்கு அங்கே வேலை இல்லை.

அந்த அறையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குளிப்பாட்ட வந்த பாட்டி நீட்டிய கால்களின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டுக்கொள்கிறாள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, மூக்கை நீவி, தலையைப் பிடித்து உருட்டிவிட்டு, சாம்பிராணி காட்டுகிறாள். குழந்தை வீறிடுகிறது. “அழுவட்டும் உடு, அழுதாத்தான் நல்லது” என்கிறாள். தாய்க்கு எழுந்து போய் வாங்கிக்கொள்ளத் தெம்பில்லை. வாங்கிக்கொள்ள அனுமதியும் இல்லை. எதைத் தின்ன வேண்டும், எப்போது தூங்க வேண்டும், யார் பிள்ளையைத் தூக்கலாம் என்பதையெல்லாம் மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அந்த நம்பிக்கை வீண்போவதில்லை. வீண்போகிற வீட்டில் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இந்தக் கேள்வியின் பக்கம் துணிந்து போனவர் ஆர். சூடாமணி. 1931இல் பிறந்து 2010இல் மறைந்த அவரை ‘மென்மையான எழுத்தாளர்’ என்று ஒதுக்கி வைத்தது நம் விமர்சனம் செய்த அநியாயங்களில் ஒன்று. 1970களில் வந்த அவருடைய இரவுச்சுடர் நாவலை மீண்டும் எடுத்துப் படியுங்கள். யாமினிக்கு மனிதத் தொடுகை ஒவ்வாது. இரவும் தனிமையும் போதும். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெற்றவர்கள் பிடித்துக் கட்டிவைக்கிறார்கள். குழந்தை பிறக்கிறது. அவள் மனம் நிலைகுலைகிறது. அந்த வீட்டில் கெட்டவர் என்று யாருமே இல்லை. மகள் மீது உயிரையே வைத்திருப்பவர்கள்தான் அவளை அழிவுக்குக் கொண்டுபோகிறார்கள். பிரசவ சன்னி, பேய்க்கோளாறு என்று ஊர் ஒதுக்கிவிடும் ஒன்றை அந்தப் பெண்ணின் உள்ளிருந்து பார்க்கச் சூடாமணியால் முடிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் என்ன ஆகுமோ என்ற பதைப்பு ஏறிக்கொண்டே போகிறது. இதைவிட இறுக்கமான உளவியல் த்ரில்லர் தமிழில் எது என்று எனக்கு யாராவது காட்டட்டும்.

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பயத்தைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தொட்டிலை ஆட்டும் அந்நியப் பெண்ணைக் காட்டி ஒரு ஹாலிவுட் படம் பயமுறுத்திய அதே 1992இல், பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கே பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் ஊட்டிய கை அந்நியரின் கையல்ல. ராஜம் கிருஷ்ணன் மண்ணகத்துப் பூந்துளிகளில் அந்தக் கொடுமையை எழுதினார். விருப்ப ஓய்வு பெற்றிருந்த ராசிபுரம் செவிலிய உதவியாளர் ஒருவரின் தொலைபேசிப் பேச்சு 2019இல் வெளியானது. முப்பது வருடமாகக் குழந்தை விற்பதே தொழில் என்றார். ஆணா பெண்ணா, நிறம் என்ன என்று பார்த்துக் குழந்தைக்கு விலை சொன்னார். பிறப்புச் சான்றிதழுக்குத் தனியாக 70,000 ரூபாய் கேட்டார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. கொல்லிமலையின் ஏழைக் குடும்பங்கள் வரை நீண்ட இந்த விவகாரம் செய்தியாக வந்து செய்தியாகவே போய்விட்டது.

இதே மண்ணிலிருந்து 2013இல் பெருமாள்முருகனின் பூக்குழி வந்தது. அவருடைய இன்னொரு நாவலான மாதொருபாகன் எழுப்பிய சர்ச்சைப் புழுதியில் பலர் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் சாதி நாவல் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். சாதி நாவல்தான். அதோடு, கட்டமைப்பில் அப்பழுக்கில்லாத த்ரில்லரும்கூட. குமரேசனை நம்பி வந்த சரோஜா பாறை மேலுள்ள குடிசையில் அடைபடுகிறாள். மாமியார் மாராயி வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள். சரோஜா கருவுறுகிறாள். சோடாக்கடை வேலையாகக் கணவன் ஊரில் இல்லாத இரவில், தன்னை முடித்துவிட நடக்கும் பேச்சு அவள் காதிலேயே விழுகிறது. ஓடிப் புதருக்குள் ஒளிகிறாள். சுற்றி நெருப்பு வைக்கிறார்கள். கணவன் வந்துவிடுவான் என்ற நம்பிக்கை மட்டும் அவளிடம் மிச்சம். கொலைகாரர் யார் என்ற புதிரே அங்கே கிடையாது. எல்லோரும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடத் தக்கவர்கள்.

அம்பையின் சுதா குப்தா கதைகள் துப்பறிவாளரை வீட்டுப் பெண்ணாக்கின, நல்ல முன்னெடுப்பு. ஆனாலும் நமக்கு வேண்டியது இன்னொரு துப்பறிவாளர் அல்ல. ஆயா, சிசிடிவி, அடுக்குமாடி வீடு என்று வெளிநாட்டுக் கதையின் சாமான்களை அப்படியே இறக்கி எழுதப்படும் நாவல்கள் எனக்குச் சலிப்பையே தருகின்றன. நம் தாய்மார்கள் பயப்படுவது சம்பள ஆளைப் பார்த்து மட்டுமல்ல. ‘நான் பாத்துக்கறேன் கண்ணு’ என்று சொல்லும் சொந்தத்தைப் பார்த்தும், ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று தோளில் கை வைக்கும் நர்ஸம்மாவைப் பார்த்தும்தான்.

ராசிபுரம் வழக்கை நாவலாக்க நினைக்கும் இளைய எழுத்தாளர்களுக்கு ஒன்று சொல்வேன். தொலைபேசியில் பேசியவரிடமிருந்து தொடங்காதீர்கள்; பிள்ளையைக் கொடுத்த தாயிடமிருந்து தொடங்குங்கள். எழுத உட்காரும் முன் இரவுச்சுடரையும் பூக்குழியையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.